சரக்கு ரயில் பெட்டிகளில் விளம்பரம்: அமெரிக்க வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டி கடந்துபோகும்வரை காத்து நிற்கும் நமக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் தெரிவது எண்கள், குறியெழுத்துகள், எடைக் கணக்கு ஆகியவை மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அப்படிக் காத்து நின்றவர் வேறொரு காட்சியைக் கண்டிருப்பார். மஞ்சளும் ஆரஞ்சும் பூசிய மரப்பெட்டிகளில் வெண்ணெய், பன்றித்தொடை, ஊறுகாய், பீர் ஆகியவற்றின் பெயர்கள் ஆளுயர எழுத்துகளில் வரிசையாக நகர்ந்துபோயின. 1930களின் பிற்பாதிக்குள் அவை மறைந்துவிட்டன. அவை எப்படி வந்தன, எப்படிப் போயின என்பது குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

சரக்குப் பெட்டியில் எழுதப்பட்ட பெயர் எல்லாமே விளம்பரம்தானா?

இல்லை. பெட்டி யாருடையது என்று அடையாளம் காட்டுவதற்காக எழுதப்படும் பெயர் ஒரு வகை. ரயில் நிறுவனம் தன் வழித்தடத்தையோ தன் பயணிகள் வண்டியையோ புகழ்ந்து எழுதிக்கொள்ளும் வாசகம் இன்னொரு வகை. கடையில் விற்கும் ஒரு பண்டத்தின் பெயரையும் படத்தையும் பெட்டியின் பக்கவாட்டில் தீட்டி நாடு முழுவதும் ஓடவிடுவது மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைப் பெட்டிகளைத்தான் ரயில் ஆர்வலர்கள் ‘பில்போர்டு ரீஃபர்’ என்று அழைக்கிறார்கள். விளம்பரப் பலகையாகவும் பயன்பட்ட குளிர்பதனப் பெட்டி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்தப் பெயர் பிற்காலத்தவர் இட்டது. சட்டச் சிக்கலில் மாட்டியதும், தடை செய்யப்பட்டதும் இந்த வகை மட்டுமே.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்ட இயலாது. பல ஓடைகள் சேர்ந்து உருவான பழக்கம் இது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, பல ரயில் நிறுவனங்களின் தடங்களைக் கடந்து சரக்கை இறக்கி ஏற்றாமல் கொண்டுசேர்க்கும் விரைவுச் சரக்குச் சேவைகள் தோன்றின. ‘ரெட் லைன்’, ‘புளூ லைன்’, ‘வைட் லைன்’ என்று நிறத்தின் பெயரிலேயே அவை இயங்கியதால், பெட்டியின் நிறமே சேவையின் முகவரியாக அமைந்தது. கால்நடைகளை ஏற்றிச் செல்லும் பெட்டிகளை உருவாக்கிய சிகாகோவின் அலோன்சோ மேதர் போன்றவர்கள், வழியில் விலங்குகளுக்குத் தீவனமும் தண்ணீரும் கிடைக்க வழிசெய்ததோடு, அந்தப் பெருமை தெரியும்படி தங்கள் பெயரையும் பெட்டியின்மீது எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு இணையாகத் துணிப் பதாகைகளின் வழக்கமும் இருந்தது. கதிரடிக்கும் இயந்திரங்களையோ அறுவடை இயந்திரங்களையோ ஒரே சமயத்தில் ஒரு ரயில் நிறைய ஏற்றி, ஒவ்வொரு பெட்டியிலும் பதாகை கட்டி, ஊர் ஊராக நிறுத்தி ஓட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உற்பத்தியாளர்களுக்குப் பிடித்த விளம்பர உத்தி. தேரோட்டத்தைப் போல ஊரே கூடி நின்று பார்க்கும் காட்சி அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு ஆரஞ்சுப் பழத்தோடு தொடர்புடையது. 1907-08இல் கலிஃபோர்னியப் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பும் சவுத்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்டு, பதாகை கட்டிய ஆரஞ்சு ரயில்களை அயோவா மாநிலத்துக்கு அனுப்பின. ‘உடல்நலத்துக்கு ஆரஞ்சு, செல்வத்துக்குக் கலிஃபோர்னியா’ என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அம்மாநிலத்தில் ஆரஞ்சு விற்பனை ஏறத்தாழ ஐம்பது சதவீதம் கூடியது. அந்தக் கூட்டுறவு ‘சன்கிஸ்ட்’ என்ற வணிகப் பெயரை ஏற்றுக்கொண்டதும் 1908இல்தான். விவசாயிகளுக்குப் பழம் விற்க வேண்டும். ரயில் நிறுவனத்துக்கோ பழத்தை ஏற்றிச்செல்வதோடு, கலிஃபோர்னியாவில் குடியேற ஆள்களையும் பிடித்தாக வேண்டும். முழக்கத்தின் இரண்டாம் பாதி யாருக்காக எழுதப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும்.

பதாகை ஒரு பயணத்துக்குத்தான் நிற்கும். மழையில் நனையும், காற்றில் கிழியும். பெயிண்ட் பல ஆண்டுகள் நிற்கும். பதாகையிலிருந்து பெயிண்டுக்கு மாற ஒரே ஒரு நிபந்தனைதான் நிறைவேற வேண்டியிருந்தது: பெட்டி தொடர்ந்து ஒரே சரக்குதாரரின் கையில் இருக்க வேண்டும்.

ஏன் குளிர்பதனப் பெட்டிகளில் மட்டும் இவ்வளவு விளம்பரம்?

அந்த நிபந்தனை நிறைவேறியது குளிர்பதனப் பெட்டிகளில்தான். இதற்குக் காரணம் ரயில் நிறுவனங்களின் பிடிவாதம்.

1870களில் சிகாகோவிலிருந்து கிழக்குக் கரை நகரங்களுக்கு மாடுகள் உயிரோடு ரயிலில் போயின. வழியில் மெலிந்தும் செத்தும் போனவை போக, சேருமிடத்தில் அறுத்த பிறகு பாதிக்கு மேல் உண்ண முடியாத கழிவாகவே மிஞ்சியது. அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் ரயில் கட்டணம். இறைச்சி வணிகர் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட், சிகாகோவிலேயே அறுத்து இறைச்சியை மட்டும் பனிக்கட்டி வைத்து அனுப்பத் திட்டமிட்டார். ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளர் அவருக்காகக் குளிர்பதனப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். ஆனால் கால்நடைப் பெட்டிகளிலும் பட்டிகளிலும் ஏராளமாகப் பணம் போட்டிருந்த பெரிய ரயில் நிறுவனங்கள், எடை குறைந்தால் வருமானம் குறையும் என்று கணக்குப் பார்த்து, அத்தகைய பெட்டிகளைக் கட்டித்தர மறுத்தன. ஸ்விஃப்ட் தம் சொந்தச் செலவில் பெட்டிகளைக் கட்டி, கால்நடைப் போக்குவரத்தில் பெரிய பங்கு இல்லாத கிராண்ட் டிரங்க் ரயில்வேயின் வழியே, கனடா வழியாகச் சுற்றி அனுப்பினார். ஆர்மர் உள்ளிட்ட பிற இறைச்சி நிறுவனங்களும் அதே வழியைப் பின்பற்றின. செயிண்ட் லூயிஸ் நகரின் பீர் உற்பத்தியாளர் அடால்ஃபஸ் புஷ் 1878இல் தமக்கென ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தையே தொடங்கினார்.

இப்படி, சாதாரணப் பெட்டிகள் ரயில் நிறுவனங்களிடமும், பனிக்கட்டிப் பெட்டிகளில் பெரும்பங்கு தனியாரிடமும் இருக்கும் விந்தையான நிலை உருவானது. சொந்தச் சுவரில் சொந்தப் பெயரை எழுதிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை அல்லவா?

‘மைல்படி’ என்பது என்ன? அதற்கும் விளம்பரத்துக்கும் என்ன தொடர்பு?

இந்த வரலாற்றின் அச்சாணி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாருக்குச் சொந்தமான பெட்டியை ஒரு ரயில் நிறுவனம் தன் தடத்தில் இழுத்துச் செல்லும்போது, சரக்குக் கட்டணத்தைச் சரக்கு அனுப்புபவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் பெட்டி அதனுடையது இல்லை. ஆகவே பெட்டி ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சிறு தொகையைப் பெட்டியின் உரிமையாளருக்கு வாடகையாக அது தர வேண்டும். அரசு ஊழியருக்குப் பயணப்படி கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு. மைலுக்குச் சென்ட் கணக்கில் தரப்பட்ட இந்தத் தொகை, சுமையோடு போனாலும் வெறுமையாகத் திரும்பினாலும் கிடைத்தது.

இறைச்சி ஏற்றிய ஒரு பெட்டி சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் போய் வெறுமையாகத் திரும்பினால் ஏறத்தாழ 1,800 மைல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது சிறு தொகை அன்று. பெட்டியை வைத்திருப்பதே தனியொரு தொழிலாகிவிட்டது. ஆர்மர் நிறுவனத்திடம் 1900ஆம் ஆண்டுவாக்கில் 12,000க்கும் மேற்பட்ட குளிர்பதனப் பெட்டிகள் இருந்தன.

பெட்டிகளை வாங்க வசதியில்லாத சிறிய வெண்ணெய்ப் பண்ணைகளுக்கும் இறைச்சி நிறுவனங்களுக்கும் குத்தகைக்குப் பெட்டி கொடுக்கும் நிறுவனங்கள் பின்னர் வளர்ந்தன. ஜெனரல் அமெரிக்கன், நார்த் அமெரிக்கன், யூனியன் ரெஃப்ரிஜிரேட்டர் டிரான்சிட், மேதர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. குத்தகைதாரரைப் பிடிப்பதற்குப் போட்டி கடுமையாக இருந்தது. “எங்களிடம் பெட்டி எடுத்தால் இரண்டு பக்கவாட்டிலும் உங்கள் பண்டத்தின் பெயரை உங்களுக்குப் பிடித்த நிறத்தில் எழுதித் தருகிறோம்” என்பது அந்தப் போட்டியில் வலுவான தூண்டில். 1920களில் விளம்பரப் பெட்டிகள் பெருகியதற்கு விளம்பரக் கலையின் வளர்ச்சியைக் காட்டிலும் இந்தக் குத்தகைப் போட்டியே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

அத்தகைய பெட்டி நேரில் எப்படி இருக்கும்?

ஏறத்தாழ நாற்பது அடி நீளமுள்ள மரப்பெட்டி. பக்கவாட்டுப் பலகைகள் ஒன்றின் நாக்கு மற்றதன் பள்ளத்தில் பொருந்துமாறு நெருக்கமாகச் செங்குத்தாக அடிக்கப்பட்டிருக்கும். உள்ளே வெப்பம் புகாதபடி திணிப்பு இருக்கும். வெளியே வலுச்சட்டங்கள் துருத்தாத அந்த வழவழப்பான பரப்பு, ஓவியருக்கு வாகான சுவர். பக்கவாட்டுக்கு மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை போன்ற வெளிர் நிறங்கள் வெயிலை ஓரளவு தள்ளிவிடும் என்பதால் விரும்பப்பட்டன; கூரையும் இரு முனைச்சுவர்களும் அழுக்குத் தெரியாத செம்பழுப்பில் இருக்கும். கூரையின் நான்கு மூலைகளிலும் தூக்கித் திறக்கும் மூடிகள் உண்டு. வழியில் உள்ள பனிக்கட்டி நிலையங்களில் உயரமான மேடையில் நிற்கும் தொழிலாளர்கள், அந்த மூடிகளைத் திறந்து இரு முனைகளிலும் உள்ள தொட்டிகளில் பனிக்கட்டியை நிரப்புவார்கள். இறைச்சிப் பெட்டியாக இருந்தால், குளிர் இன்னும் இறங்குவதற்காகப் பனிக்கட்டியை உடைத்து உப்பும் சேர்ப்பார்கள். உருகிய உப்புநீர் தண்டவாளத்தில் சொட்டி இரும்பை அரித்தது ரயில் நிறுவனங்களுக்குத் தனித் தலைவலி.

பக்கவாட்டின் நடுவே இரட்டைக் கதவு. அதற்கு இடப்புறம் பொதுவாக உரிமையாளரின் குறியெழுத்துகள், பெட்டி எண், கொள்ளளவு, வெற்றெடை, கடைசியாக எடைபோட்ட இடமும் நாளும் ஆகிய சட்டபூர்வ விவரங்கள் இருக்கும். தனியார் பெட்டி என்றால் குறியெழுத்துகள் ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் முடியும். அந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. கதவுக்கு வலப்புறம் விளம்பரத்தின் இடம். பண்டத்தின் பெயர் சிவப்பிலோ நீலத்திலோ நிழற்கோட்டோடு எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு டப்பாவின் படமோ நிறுவன முத்திரையோ ஊரின் பெயரோ இருக்கும். நகரும் வண்டியில் இருப்பதை நிற்பவர் சில நொடிகளில் படித்தாக வேண்டும் என்பதால் சொற்கள் குறைவாகவே இருந்தன. அந்தச் சிக்கனத்தை இன்றைய விளம்பரக்காரர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

எந்தெந்தப் பண்டங்கள் இப்படி விளம்பரப்படுத்தப்பட்டன?

குளிரில் வைத்து அனுப்ப வேண்டியவை அனைத்தும். இறைச்சியில் ஸ்விஃப்ட், ஆர்மர், கடஹி, ஹார்மல், ஆஸ்கர் மேயர். பால்பண்டங்களில் மின்னசோட்டாவின் கூட்டுறவுப் பண்ணைகள் சேர்ந்து உருவாக்கிய லேண்ட் ஓ’லேக்ஸ். ஊறுகாய் முதலியவற்றில் ஹைன்ஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்ட பெயர்கள். ஹைன்ஸ் நிறுவனம் வெள்ளரி ஊறுகாயைப் பெரிய மரத் தொட்டிகளில் நிரப்பி, அந்தத் தொட்டிகளையே பெட்டியாக்கி ஓட்டியது. இவற்றைத் தவிர, ஓரிரு மாநிலங்களுக்கு வெளியே யாரும் அறிந்திராத முட்டை வணிகர்களும் சிறு இறைச்சிக்கூடங்களும் ஐந்து பத்துப் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பெரிய நிறுவனங்களுக்கு ஈடாகப் பெயர் எழுதி ஓடவிட்டன.

பீர் நிறுவனங்களின் பெட்டிகள் ஏன் இடையில் காணாமல் போயின?

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மில்வாக்கியின் பாப்ஸ்ட் நிறுவனம் அந்தக் காலத்தில் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தது. 1933 ஏப்ரலில் மென்மையான பீருக்கும் ஆண்டு இறுதியில் எல்லா மதுவுக்கும் தடை நீங்கியபோது, பீர் நிறுவனங்கள் மறுபடியும் பெட்டிகளைத் தேடி ஓடின. புதிய பெயிண்ட் காய்வதற்குள்ளாகவே, விளம்பரப் பெட்டிகளுக்குத் தடை போட்ட 1934ஆம் ஆண்டின் தீர்ப்பு வந்துவிட்டது.

இந்த விளம்பரங்களை யார் பார்த்தார்கள்?

வழியில் நின்ற பொதுமக்கள் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் வண்டியின் விளம்பரம் கண்ணில் பட்டு மறையும். நின்றிருக்கும் பெட்டியின் விளம்பரம்தான் மனதில் பதியும். ஓர் ஊரின் சரக்கு சைடிங்கில் பெட்டி ஓரிரு நாள் நின்று மொத்த வியாபாரியின் வண்டிகளில் சரக்கை இறக்கும்போது, அந்த ஊர்க் கடைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எந்தப் பண்டம் ஊருக்குள் புதிதாக வந்திறங்குகிறது என்ற செய்தி அதில் இருந்தது. நாடளாவிய வானொலி விளம்பரம் 1920களின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏன் தடை செய்தார்கள்? பார்க்க அசிங்கமாக இருந்ததாலா?

அழகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொய் விளம்பரம் என்ற குற்றச்சாட்டும் காரணம் அன்று. பிரச்சினை முழுக்க முழுக்கக் கட்டணத்தைப் பற்றியது.

அமெரிக்க ரயில்வே வரலாற்றில் ‘ரிபேட்’ என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. ஊரறிந்த கட்டணத்தை எல்லோரிடமும் வாங்கிவிட்டு, பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் பின்கதவு வழியாக ஒரு பகுதியைத் திருப்பித் தருவதே அந்த மறைமுகத் தள்ளுபடி. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் போட்டியாளர்களை நசுக்கியதில் இதற்குப் பெரும் பங்கு இருந்தது. 1887இல் மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் அமைக்கப்பட்டதற்கும், 1903ஆம் ஆண்டின் எல்கின்ஸ் சட்டம் மறைமுகத் தள்ளுபடியைத் தருவதையும் பெறுவதையும் குற்றமாக்கியதற்கும், 1906ஆம் ஆண்டின் ஹெப்பர்ன் சட்டம் ஆணையத்தின் கைகளை வலுப்படுத்தியதற்கும் பின்னால் இருந்த கோபம் அதுதான்.

இப்போது குத்தகைப் பெட்டியைப் பார்ப்போம். ரயில் நிறுவனம் மைல்படியைப் பெட்டி நிறுவனத்துக்குத் தருகிறது. பெட்டி நிறுவனம் அதில் ஒரு பகுதியைக் குத்தகைதாரருக்குக் கழித்துக் கொடுக்கிறது, அல்லது வாடகையைக் குறைக்கிறது, அல்லது விளம்பரத்தை இலவசமாக எழுதித் தருகிறது, அதையும் தாண்டி விளம்பர இடத்துக்கென்று பணமும் தருகிறது. குத்தகைதாரரோ அதே ரயிலில் சரக்கு அனுப்புபவர். ஆக, அவர் கட்டிய கட்டணத்தின் ஒரு பகுதி மூன்றாவது கையின் வழியாகச் சுற்றி அவரிடமே திரும்பி வருகிறது. ரயில் நிறுவனத்தின் பொதுப் பெட்டியைப் பயன்படுத்தும் பக்கத்து ஊர் வெண்ணெய் வணிகருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆணையத்தின் பார்வையில் பெட்டியின்மீது பூசிய பெயிண்டும் ஒரு வகை மறைமுகத் தள்ளுபடியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் எளிமையானது. ஆனால் நடைமுறையில் அதிகம் உறுத்தியது. ஒரு நிறுவனத்தின் வெண்ணெய் விளம்பரம் எழுதிய பெட்டியில் இன்னொரு நிறுவனம் தன் வெண்ணெயை ஏற்றி அனுப்பச் சம்மதிக்குமா? எதிரிக் கடையின் பெயர் அச்சிட்ட பையில் யார் சரக்குக் கட்டித் தருவார்கள்? ஆகவே பெட்டி சேருமிடத்தில் சரக்கை இறக்கிவிட்டு, அங்கே திரும்புகாலுக்குச் சுமை காத்திருந்தாலும், காலியாகவே சொந்த ஊர் திரும்பியது. காலியாகத் திரும்பும் ஒவ்வொரு மைலுக்கும் இழுவைச் செலவு ரயில் நிறுவனத்தின் தலையில். அதோடு மைல்படி வேறு. பொருளாதாரப் பெருமந்தம் ரயில் நிறுவனங்களை நெருக்கிய 1930களின் தொடக்கத்தில் இந்தச் செலவு மேலும் உறுத்தியது. விளம்பரம் ஒரு பெட்டியை ஒரே ஆளுக்கு நேர்ந்துவிட்டதைப் போல ஆக்கிவிட்டது என்பதே இந்தக் குறையின் சாரம்.

தீர்ப்பு என்ன சொன்னது?

1934 ஜூலையில் ஆணையம் தன் முடிவை அறிவித்தது. சரக்கு அனுப்புபவர், பெறுபவர், பண்டம் ஆகியவற்றை விளம்பரப்படுத்தும் குத்தகைப் பெட்டிகளை ரயில் நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற நிலை உருவானது. புதிதாக அப்படிப் பெயிண்ட் அடிப்பது உடனடியாக நின்றது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளுக்கு 1937 தொடக்கம் வரை அவகாசம் கிடைத்தது. பல நிறுவனங்களின் தடங்களைக் கடக்காமல் ஒரு குளிர்பதனப் பெட்டிக்குப் பிழைப்பே இல்லை. ஆகவே ஏற்க மறுப்பதே முழுத் தடைக்குச் சமம்.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 1937க்குப் பிறகு பெட்டிகளில் நிறுவனப் பெயரே இருக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. நீண்டகாலக் குத்தகையில் உள்ளவரின் பெயரை அடக்கமாக எழுதிக்கொள்ள இடம் இருந்தது. இறைச்சி நிறுவனங்களின் பெட்டிகளில் அவற்றின் பெயர் தொடர்ந்து நின்றது. 1950களில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஓடிய ஸ்விஃப்ட் பெட்டிகள் நன்கு அறியப்பட்டவை. போனவை டப்பா படங்களும் பண்டங்களின் பெயர்களும் புகழ்ச்சி வாசகங்களும்தான்.

ரயில் நிறுவனங்கள் தங்களையே விளம்பரப்படுத்திக்கொள்ளத் தடை இருந்ததா?

இல்லை. அவை அந்தக் காலியிடத்தை விரைவிலேயே நிரப்பின. சாண்டா ஃபே நிறுவனம் 1940 முதல் தன் குளிர்பதனப் பெட்டிகளின் ஒரு பக்கத்தில் தன் வழித்தட வரைபடத்தையும், மறுபக்கத்தில் ‘சூப்பர் சீஃப்’, ‘எல் கேபிடன்’ போன்ற பயணிகள் வண்டிகளின் பெயர்களையும் தீட்டியது. பழம் ஏற்றும் பெட்டி, மனிதர்களைச் சொகுசுப் பயணத்துக்கு அழைத்தது. லாக்கவானா நிறுவனத்தின் பெட்டிகளில் ‘ஃபீபி ஸ்னோவின் வழித்தடம்’ என்று எழுதியிருந்தது. ஃபீபி ஸ்னோ என்பவர் உண்மையான ஆள் இல்லை. புகை குறைந்த ஆந்த்ரசைட் நிலக்கரியில் ஓடும் வண்டியில் ஏறினால் வெள்ளை உடையிலும் கரி படாது என்று காட்டுவதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைக்கப்பட்ட விளம்பரப் பாத்திரம். யூனியன் பசிபிக் சரக்குப் பெட்டிகளில் நிறுவனப் பெயரோடு எதுகை அமையும்படி ஒரு வாசகத்தை எழுதியது. ஆங்கிலத்தில் மட்டும் எடுபடும் சொல்விளையாட்டு அது.

மெய்ன் மாநிலத்தின் பேங்கர் அண்ட் அரூஸ்டுக் நிறுவனம் 1950களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் பூசிய பெட்டிகளில் ‘மெய்ன் மாநில விளைபொருள்கள்’ என்று பெரிதாக எழுதியது. உருளைக்கிழங்கும் காகிதமும் அந்த நிறுவனத்தின் முக்கியச் சரக்குகள். எந்த ஒரு வணிகரின் பெயரும் இல்லாமல் மாநிலம் முழுவதையும் விளம்பரப்படுத்தியதால், எதிரியின் பெயரைச் சுமக்கிறோம் என்று அங்கே யாரும் முகம் சுளிக்க வழியில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இப்படி நடந்ததா?

பிரிட்டனில் வேறொரு வடிவத்தில் நடந்தது. அங்கே நிலக்கரி வேகன்களில் பெரும்பகுதி சுரங்க நிறுவனங்களுக்கும் நிலக்கரி வியாபாரிகளுக்கும் சொந்தமாக இருந்தது. திறந்த மர வேகனின் பக்கவாட்டில் உரிமையாளரின் பெயர் பெரிய எழுத்துகளில் நிழற்கோட்டோடு எழுதப்பட்டிருக்கும். ஊர் ரயில் நிலைய முற்றத்தில் நிற்கும் அந்த வேகனே வியாபாரியின் கடைப்பலகை. அதன் கீழ்மூலையில் சிறிய எழுத்தில், காலியானதும் இன்ன சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்புக என்ற குறிப்பு காணப்படும். அமெரிக்க ஆணையம் சிக்கலாகக் கண்ட அதே காலி ஓட்டம், இங்கே வேகனின் மீதே உத்தரவாக எழுதப்பட்டிருந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் அரசு இந்த வேகன்களை ஒரே தொகுப்பில் சேர்த்தது. எந்த வேகனில் எந்தச் சுரங்கத்தின் கரியும் போகலாம் என்றானது. 1948இல் ரயில்வே நாட்டுடைமையானபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்கள் அரசின் கைக்குப் போயின. பெயர்களை யாரும் அழிக்கவில்லை. மறுபடி பூசவும் இல்லை. வெயிலும் மழையும் மெல்ல அழித்தன.

இன்று சரக்கு ரயில்களில் விளம்பரம் உண்டா?

உண்டு, ஆனால் உருமாறியிருக்கிறது. 1970இல் ஃப்ளோரிடாவின் பிராடென்டனிலிருந்து நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள கியர்னிக்கு டிராபிகானா ஆரஞ்சுச் சாறு ஏற்றிய முழு ரயில் ஓடத் தொடங்கியது. வண்டி முழுக்க ஒரே நிறுவனத்தின் சரக்கு என்பதால் அதன் சின்னம் தாங்கிய பெட்டிகள் யாருக்கும் இடைஞ்சலாகவில்லை. இன்று அமெரிக்க ரயில்களில் அதிகமாகக் கண்ணில் படும் வணிகப் பெயர்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் கன்டெய்னர்களில் உள்ளவையே.

என்னைக் கேட்டால், பழைய விளம்பரப் பெட்டிக்கு நேர் எதிரான பதில் 1974இல் வந்தது. எந்த ரயில் நிறுவனமும் எந்தச் சரக்குக்கும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க பொதுப் பெட்டித் தொகுப்பாக ‘ரெயில்பாக்ஸ்’ அமைந்தது. அதன் பெட்டிகளுக்கும் மஞ்சள் நிறம்தான். பக்கவாட்டில் ‘அடுத்த சுமை எதுவோ, எந்தத் தடமோ’ என்ற பொருள்பட ஒரு வாசகமும் எழுதப்பட்டிருந்தது. பெட்டி தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்கிறது, அதுவும் தான் யாருக்கும் சொந்தமில்லை என்பதைச் சொல்லி.

பொம்மை ரயில்களிலும் மாதிரி ரயில்களிலும் காணும் விளம்பரப் பெட்டிகள் உண்மையானவையா?

பாதிதான் உண்மை. நிறம் பளிச்சென்று இருப்பதால் மாதிரி ரயில் நிறுவனங்களுக்கு இவை நன்றாக விற்பனையாகும் சரக்கு; அசலில் இருந்த நிறுவனங்களோடு, பெட்டியே வைத்திராத பிற நிறுவனங்களின் பெயர்களும் மாதிரிகளில் ஏறிவிட்டன. நிறங்களிலும் ஊகம் அதிகம். அசல் பெட்டிகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தொழிற்சாலையில் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்கள். அந்தக் காலத்து ஃபிலிம் வகைகள் பலவற்றில் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிட அடர்த்தியாகவும் பதிந்தன. ஆகவே படத்தில் கறுத்துத் தெரியும் எழுத்து உண்மையில் கறுப்பா சிவப்பா என்பதை, பெட்டி கட்டியவரின் பெயிண்ட் குறிப்பு கையில் இல்லாமல் முடிவுசெய்ய முடியாது.

பழைய படம் ஒன்று கிடைத்தால், கதவுக்கு வலப்புறம் உள்ள பண்டத்தின் பெயரை விட்டுவிட்டு முதலில் இடப்புறத்தைப் பாருங்கள். குறியெழுத்து ‘எக்ஸ்’ என்று முடிகிறதா, யாருடைய குறியெழுத்து அது, கடைசியாக எடைபோட்ட நாள் எது என்பவை அங்கே இருக்கும். அந்த நாள் 1937க்குப் பிந்தியதாகவும் வலப்புறம் வெண்ணெய் விளம்பரம் பளபளப்பாகவும் இருந்தால், அது மாதிரிப் பெட்டியாகவோ அருங்காட்சியகத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பெட்டியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.